புனிதவதி நேர்ந்த ஆடுகள்

நியாலாஸ் டவுனைத் தாண்டி உள்ளே வரும் சாலையில் இப்போதெல்லாம் லோரிகளின் ராஜ்ஜியம்தான். சிவப்பு மண்ணை அள்ளிக்கொண்டு போவதும் வெறுமனே திரும்புவதுமாக விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓட்டம். அந்தத் தூசி ஏழாங்கட்டைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் மேல் படிந்து, துவைத்துக் காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டைகூட சாயங்காலத்துக்குள் காவி கட்டிவிடும். மேட்டுக்காட்டுச் செம்பனைகளை எல்லாம் சாய்த்தாயிற்று. அங்கே கிடங்குகள் வரப்போகின்றன, தொழிற்சாலை வரப்போகிறது, வேலை கொட்டப்போகிறது என்று சாலை முனையில் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். பலகையில் சிரிக்கிற முகங்களில் ஒன்றுகூட லயத்து முகம் இல்லை. நாடு முன்னேறட்டும், யார் வேண்டாம் என்றது? முன்னேறுகிற நாடு நம் வீட்டு வாசல் வழியாகத்தான் போவேன் என்று நின்றால்தான் சங்கடம்.

லயத்தில் பாதி வீடு காலி. மிச்சம் இருந்தவர்களுக்கு நிலத்தை வாங்கிய கம்பெனி ஒரு வழி சொல்லியிருந்தது. நியாலாஸ் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் மலிவு வீடு கட்டியிருக்கிறது, ஹாஜிப் பெருநாள், அதாவது பக்ரீத், வரும் மாதம் முடிவதற்குள் முன்பணம் கட்டுகிறவர்களுக்குச் சாவி. கட்ட முடியாதவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். எங்கே கிளம்புவது என்று கம்பெனி சொல்லவில்லை.

புனிதவதி அந்தத் தாமானுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சின்ன வீடுதான். ஆனால் கூரை ஒழுகாது, குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, மகள் திவ்யதர்ஷினிக்குத் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை இருக்கிறது. படிவம் நான்கு படிக்கிற பெண்பிள்ளை இத்தனை நாளும் சேலையைத் திரையாகக் கட்டி அதன் பின்னால் உடை மாற்றிக்கொண்டிருந்தாள். புனிதவதிக்கு அந்தத் தாழ்ப்பாள் கண்ணிலேயே நின்றது.

முன்பணத்துக்கு அவளிடம் இருந்த ஒரே வழி ஆடுகள். வீட்டுக்குப் பின்னால் பரண் போட்ட கொட்டாயில் அவை நிறைந்து நின்றன. பெருநாள் சமயத்தில் ஆட்டு விலை எங்கேயோ போய் நிற்கும். விற்றால் முன்பணம் கட்டிவிடலாம். விற்கத்தான் முடியாது. ஏனென்றால் அத்தனை ஆடும் முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டவை என்று தோட்டத்துக்கே தெரியும். சொன்னவள் புனிதவதியேதான்.

அந்த ஆடுகள் வந்த கதையைச் சொல்லாவிட்டால் இது விளங்காது.

புனிதவதியின் புருஷன் மருதமுத்து செம்பனைக் குலை வெட்டுகிறவன். ஒருநாள் உயரமான மரத்திலிருந்து வெட்டிய குலை, ஓலையில் தட்டித் திரும்பி, அவன் இடுப்பில் விழுந்தது. கண்ட்ரேக்டரிடம் வேலை பார்த்ததால் சொக்சோ காப்புறுதியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பிப் படுக்கவேண்டுமென்றால்கூட புனிதவதி வந்து பிடிக்கவேண்டும். அவனைத் தூக்கி உட்காரவைத்துத் துடைத்துவிட்டு, சோறு ஊட்டிவிட்டு, அவள் காய்கறிப் பண்ணைக்குக் கூலிக்கு ஓடுவாள். மருதமுத்து கூரையையே பார்த்துக்கொண்டு கிடப்பான். சில நாள் அவன் பேச்சே பயமாக இருக்கும். "என்னால ஒனக்கு என்னா பிரயோசனம்? ஒரு போத்தல் பூச்சி மருந்து போதும் புனிதம்" என்பான். அவள் வீட்டில் இருந்த மருந்துப் போத்தலை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள்.

அப்போதுதான் கோலாலம்பூரிலிருந்து ஓர் அறக்கட்டளை வந்தது. வந்தவள் பெயர் ஜனகா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா ஒரு காலத்தில் இந்தப் பக்கம் ஏதோ தோட்டத்தில் வேலையாட்களை விரட்டிக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவராம். வெளிநாட்டில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்திருந்தாள். கிராணி பேத்தி என்றதும் லயத்தில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள், ஆனால் அவள் நல்ல பெண். தரையில் உட்கார்ந்து கோப்பி குடித்தாள்.

"அக்கா, எத்தியோப்பியாவில, பெருவில எல்லாம் இப்படிச் செய்து பார்த்திருக்கிறாங்க" என்றாள். "காசாக் குடுத்தா அரிசிக்கும் மருந்துக்கும் போயிடும். தப்பில்ல, ஆனா மிச்சம் நிக்காது. ஆட்டைக் குடுத்து, தீனிக்குக் கொஞ்சம் குடுத்து, எப்படி வளர்க்கிறதெண்டு சொல்லிக்குடுத்தா அது பெருகும். ரெண்டு வருஷம் விக்காம, வெட்டாம வச்சிருந்தீங்கண்டா போதும். அதுக்குப் பிறகு நீங்க யாரையும் கேட்கத் தேவையில்ல."

"வெட்டாம இருக்கறது எங்க கையில இல்ல மிஸ்" என்றாள் புனிதவதி.

"பிறகு ஆர் கையில?"

புனிதவதி சிரித்து மழுப்பிவிட்டு ஆடுகளை வாங்கிக்கொண்டாள். ஜனகாவுக்குக் காந்தனைத் தெரியாது.

காந்தன் மருதமுத்துவின் தம்பி. சிம்பாங் அம்பாட்டில் டயர் கடை வைத்திருக்கிறான். கெட்டவன் என்று சொல்ல முடியாது, அண்ணன் படுத்தபோது முதலில் ஓடி வந்தவன் அவன்தான். அண்ணனுடையது தன்னுடையது என்று நினைக்கிற ஆள், அவ்வளவுதான். புதுக் கடை திறந்தபோது முதல் ஈற்றுக் கிடாயைப் பிடித்துப் போனான். தீபாவளிக்கு இன்னொன்று. "அண்ணே, ஒண்ணு எடுத்துக்கவா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பான். படுத்துக் கிடக்கிற மருதமுத்து எந்த வாயால் முடியாது என்பான்? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது போலத்தான்.

மூன்றாவது முறை அவன் காரைக் கொண்டுவந்து நிறுத்தியது அண்ணன் வீட்டு ஜன்னலை ஒட்டிய குழாயடிக்குப் பக்கத்தில். லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, அந்தக் கருப்புக் கெடாவப் புடிச்சுக் கட்டி வைங்க. வர்ற ஞாயிறு பாப்பாவுக்குப் பெர்த்டே. அண்ணன் சரின்னுட்டாரு."

கருப்புக் கிடாய் கொட்டாயிலேயே வளர்த்தியானது. புனிதவதி பிழிந்த துணியை வாளியில் போட்டாள்.

"அது முடியாது தம்பி."

"ஏன், வெல பேசிட்டீங்களா?"

"இல்ல." ஜனகா மிஸ் விற்கக்கூடாது என்றார் என்று சொன்னால் சிரிப்பான். எனக்குக் கொடுக்க மனமில்லை என்று சொன்னால் குடும்பமே இரண்டாகும். வாயில் வந்ததைச் சொன்னாள். "அது முனியாண்டிக்கு நேந்துவிட்டது."

குழாயடியில் சத்தம் நின்றது.

"எப்ப நேந்தீங்க? சொல்லவேயில்ல?"

"ஒங்கண்ணன் அடிபட்டுப் படுத்தப்பவே. அவரு எந்திரிச்சு நடந்தா தர்றேன்னு சொல்லிட்டேன்."

"அப்ப அந்தச் செவலையக் குடுங்க."

அவன் இப்படித்தான் கேட்பான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஒன்றைச் சாமிக்கு என்றால் அடுத்தது, அதையும் சாமிக்கு என்றால் அதற்கடுத்தது. புனிதவதி ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிட நினைத்தாள்.

"எல்லாமே நேந்ததுதான் தம்பி. கொட்டாயில இருக்கறது, இனிமே அதுங்க போடறது, எல்லாம் அவருக்குத்தான்."

காந்தன் காலில் இருந்த செருப்பைக் கழற்றிவிட்டான். கொட்டாய்ப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். "மன்னிச்சிடுங்க அண்ணி, தெரியாமக் கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, நியாலாஸ் பாசாரில் கோழி வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பிப் போனான். புனிதவதிக்கு உள்ளுக்குள் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஜனகா மிஸ் சொன்னால் கேட்கமாட்டான், முனி சொன்னால் கேட்கிறான் பார்.

சிரிப்போடு வீட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மருதமுத்து கட்டிலில் முழங்கையை ஊன்றித் தானாக எழுந்து உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் கண்ணீர்.

"ஏன் புனிதம் எங்கிட்டச் சொல்லல? எனக்காகவா அத்தனையையும் நேந்தே?"

அவள் என்ன சொல்வாள்? இல்லை, அது உன் தம்பிக்குச் சொன்ன பொய் என்பாளா? மாதக்கணக்கில் கூரையையே பார்த்துக் கிடந்த மனுஷன் முதல்முறையாக உட்கார்ந்திருக்கிறான். "சொன்னா பலிக்காதுன்னாங்க" என்றாள்.

அதிலிருந்து மருதமுத்து தேறினான். சுவரைப் பிடித்து நடந்தான், பிறகு கம்பூன்றி, பிறகு கம்பு இல்லாமல். அடிபட்ட இடம் ஆறுகிற காலம் வந்துதான் ஆறியதோ, முனிதான் ஆற்றினாரோ, எனக்குச் சொல்லத் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருந்தது. தினமும் காலையில் செம்பனை ஓலையும் பலா இலையும் வெட்டிவந்து கொட்டாயில் கட்டுவான். குட்டி விழுந்தால் மஞ்சள் நனைத்த துணிக் கயிற்றை அதன் கழுத்தில் கட்டுவான். மத்தியானம் கூலிக்குப் புல் வெட்டப் போய்விட்டு, வந்ததும் முதலில் ஆடுகளைத்தான் எட்டிப் பார்ப்பான்.

புனிதவதி உண்மையைச் சொன்னது ஒரே ஒருத்தியிடம்தான். அடுத்த முறை ஜனகா வந்தபோது, அவள் ஆடு கொடுத்த மற்ற குடும்பங்களில் ஆடுகள் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போய்விட்டிருக்க, இங்கே மட்டும் கொட்டாய் நிறைந்திருப்பதைப் பார்த்து அதிசயப்பட்டாள். புனிதவதி குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னாள். ஜனகா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, நாங்க இதுக்குத்தான் மீட்டிங் மேல மீட்டிங் போடுறம். சொந்தக்காரர் கேட்டா இல்லையெண்டு சொல்ல முடியாமத்தான் ஏழைச் சனத்திட்ட ஒண்டும் தங்குறதில்ல. நீங்க சாமியையே காவலுக்கு வச்சிட்டீங்க!"

"தப்பில்லயா மிஸ்?"

"ஆருக்கும் நட்டமில்லாத பொய்தானே?"

அவள் இதைக் கோலாலம்பூரில் ஒரு கூட்டத்தில் சொன்னாளாம். எல்லோரும் கைதட்டினார்களாம். அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் பார்த்தது ஆட்டை. லயத்தில் சொல்லுக்கு இருக்கிற கனம் அவள் படித்த படிப்பில் வரவில்லை.

ஆடுகள் பெருகப் பெருக ஏதோ ஒன்று மாறிக்கொண்டே வந்தது. பக்கத்து வீட்டுப் பாகற்கொடியை அவை மேய்ந்தால் யாரும் விரட்டுவதில்லை. சாமி ஆடு என்று ஒதுங்கி நின்றார்கள். மண் லோரி ஓட்டுகிற ஒருவன் வழியை மறித்த ஆட்டைக் கல்லால் அடித்தான். அன்று சாயங்காலமே அவன் லோரி பள்ளத்தில் சரிந்து அவன் கால் முறிந்தது. சரளை ரோட்டில் எந்த லோரியும் சரியும்தான். ஆனாலும் அதற்குப் பிறகு புனிதவதியின் வீட்டைத் தாண்டும்போது ஆட்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கருப்புக் கிடாய் இப்போது கழுதை உயரம் வளர்ந்துவிட்டது. தண்ணீர் காட்டப் போனால் குடிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கும். "என்னாடா?" என்பாள். தன் கொட்டாய்க்குள் போகவே அவளுக்குக் கால் கூசியது.

ஜனகா சொன்ன இரண்டு வருஷமும் முடிந்த அந்த நேரத்தில்தான் கம்பெனியின் அறிவிப்பு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. மேட்டோரம் இருந்த முனியாண்டி கோயிலை எடுத்துவிட்டு, பெரிய ரோட்டோரம் ஒரு துண்டு நிலத்தில் புதிதாகக் கட்டித்தரப்போகிறார்கள். இந்த இடத்தில் கடைசிப் பூஜை பெருநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

புனிதவதி ஒரு காலை நேரத்தில், மருதமுத்துவுக்குப் பசியாற ரொட்டியும் பருப்பும் வைத்துவிட்டுப் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, ஒரு கெடாவ மட்டும் சாமிக்குக் குடுத்துட்டு மத்ததெல்லாம் வித்துடலாங்களா? வீட்டுக்குக் கட்டணும்ல."

மருதமுத்து ரொட்டியைப் பிய்த்தவன் நிறுத்தினான். "எல்லாம்னுதான சொன்னே?"

"சொன்னேன். வாய் தவறிச் சொல்றது இல்லயா? சாமிக்குத் தெரியாதா நம்ம நெலம?"

"நெலம தெரிஞ்சுதான் எந்திரிக்க வெச்சாரு." அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "புனிதம், அவரு இந்த எடத்த விட்டுப் போறதுக்குள்ள குடுத்துடணும். கடன் வெச்சுக்கிட்டு அனுப்பக்கூடாது. கடைசிப் பூசைக்கு எல்லாத்தையும் ஓட்டிட்டுப் போயிடறேன்."

"அப்ப வீடு?"

"வழி விடுவாரு."

"எந்த வழிங்க? ரோட்டு வழியா?"

"பொம்பளப் புள்ள வெச்சிருக்கோம்னு எனக்குத் தெரியாதா? இடுப்பு நின்னா நான் சம்பாரிச்சுடுவேன். இடுப்பு போச்சுன்னா வீட்டுக்குள்ள படுத்துக்கிட்டு என்னா செய்வேன்? மறுபடி ஒன் கையால தொடச்சுவிடணுமா? அதுக்கு நான் செத்துடலாம்லா."

அவன் வெளியே போனதும் அவள் மெர்லிமாவில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் ஜைனுதீன் பாய்க்குப் போன் போட்டாள். சுற்றுவட்டாரத்துச் சிறு பள்ளிவாசல்களான சுராவுகளுக்குப் பெருநாள் பலிக்கான கொர்பான் ஆடுகள் பிடித்துக்கொடுக்கிறவர் அவர். நாணயமான மனுஷர், எடையில் ஏமாற்றமாட்டார். மருதமுத்து புல் வெட்டப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, கடைசிப் பூஜைக்கு முந்தின நாள் வரச் சொன்னாள். ஆடு லோரி ஏறிவிட்டால் பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும். காலில் விழுந்து அழுதுகொள்ளலாம்.

ஜைனுதீன் பாய் சின்ன லோரியோடு வந்தார். ஆடுகளைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. பல்லைப் பிடித்துப் பார்த்தார், முதுகைத் தடவிப் பார்த்தார்.

"மாஷா அல்லா, நல்லா வளத்திருக்கிறியே தங்கச்சி! இந்தக் கருப்பு ஒண்ணுக்கே போட்டி வரும். இதென்னா கழுத்துல எல்லாத்துக்கும் மஞ்சக் கயிறு?"

"அது சும்மா, அடையாளத்துக்கு பாய்."

வேலி ஓரமாகப் போன பக்கத்து வீட்டுக்காரி நின்றுவிட்டாள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, அவளுக்கு நிஜமாகவே பதறியது. "பாய், அது சாமி ஆடு! முனிக்கு நேந்துவிட்டது, தொட்டுடாதீங்க!"

ஜைனுதீன் பாய் கையை எடுத்துக்கொண்டார்.

"அப்படியா தங்கச்சி?"

"இல்ல பாய். அது நான் சும்மா சொன்னது. கொழுந்தன் வந்து வந்து புடிச்சுக்கிட்டுப் போனாரு, அவரு கை வெக்கக்கூடாதுன்னு சொன்ன பொய் பாய். சத்தியமா நேரல."

"ஊரே நேந்ததுன்னுதான சொல்லுது?"

"ஊருக்கு நான் சொன்னதுதான பாய் தெரியும்!"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "நான் ஒன்ன நம்புறேன் தங்கச்சி. ஆனா வேற பேரு சொல்லி விட்டதுன்னு ஒரு பேச்சு இருந்தாலே நாங்க தொடமுடியாது. கொர்பானுக்குப் போற ஆடு. நாளைக்கு சுராவுல ஒருத்தன் கேட்டா நான் என்னான்னு சொல்றது? வீட்டுக்காரரு எங்க? அவரு வந்து, நேரலன்னு எம்முன்னாடி ஒரு வார்த்த சொல்லட்டும். கண்ண மூடிக்கிட்டு ஏத்திக்கிட்டுப் போறேன்."

மருதமுத்து அங்கேதான் நின்றிருந்தான். லோரி தன் வீட்டுப் பக்கம் திரும்பியதைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு வந்திருக்கிறான். எவ்வளவு கேட்டான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"நேரவே இல்லயா புனிதம்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் கெடந்தப்போ நீ எனக்காக ஒண்ணுமே வேண்டிக்கலயா?"

"வேண்டாம இருப்பனா? தெனம் அழுதேன். ஆடுன்னு சொல்லி வேண்டல, அவ்வளவுதான். வீட்டுக்காகங்க. பிள்ளைக்கு ஒரு ரூமுக்காக. பாய்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, ஒங்களக் கையெடுத்துக் கும்புடறேன்."

மருதமுத்து கருப்புக் கிடாயின் கழுத்தில் நழுவியிருந்த மஞ்சள் கயிற்றை நேராக்கினான். பிறகு ஜைனுதீன் பாயிடம் திரும்பி, "ஒங்களுக்கு அலைச்சல், மன்னிச்சுக்குங்க பாய். இது சாமி ஆடுதான்" என்றான்.

லோரி வெறுமனே போயிற்று. அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. திவ்யதர்ஷினி மட்டும், "சீனன் கடைக்காரங்க வாங்குவாங்கம்மா, ஜாசின்ல கேட்டுப் பாப்போம்" என்று மெதுவாகச் சொன்னாள். புனிதவதியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நாளை ஒரு நாள் தாண்டிவிட்டால் வழி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் மருதமுத்து குளித்து, ஈர வேட்டியோடு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். புனிதவதி பின்னாலேயே ஓடினாள். கோயிலைச் சுற்றி மரங்களே இல்லை, சிவப்பு மண்ணுக்கு நடுவில் அரிவாள் ஏந்திய முனியாண்டி மட்டும் நின்றிருந்தார். பக்கத்தில் மண் வெட்டும் இயந்திரங்கள் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. ஞாயிறு என்பதால் அவற்றுக்கு ஓய்வு. லயத்தில் மிச்சம் இருந்தவர்கள், வெளியேறிப் போனவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். காந்தன் குடும்பத்தோடு வந்திருந்தான். அடுப்பு மூட்டியாயிற்று. கொட்டாயே வருகிறது என்று கேள்விப்பட்டுப் பெரிய பெரிய சட்டிகளாகக் கொண்டுவந்திருந்தார்கள். முந்தின நாள் நடந்தது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பூசாரி கோகுலராஜ் வாரநாளில் ஒரு கிடங்கில் பாதுகாவலன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசாரி. கருப்புக் கிடாயைத்தான் முதலில் நிறுத்தினான். கழுத்தில் மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீரை ஊற்றினான்.

எங்கள் வழக்கம் இது. தண்ணீர் பட்டதும் ஆடு உடம்பை உதறவேண்டும். உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது. உதறாத ஆட்டின் மேல் யாரும் கத்தி வைக்கமாட்டார்கள், திரும்ப ஓட்டிக்கொண்டு போகவேண்டியதுதான்.

கிடாய் உதறவில்லை.

உருமி அடித்தவன் இன்னும் வேகமாக அடித்தான். கோகுலராஜ் இன்னொரு குடம் ஊற்றினான். தண்ணீர் வயிற்றில் வழிந்து மண்ணில் சொட்டிற்று. கிடாய் நட்டு வைத்தது போல நின்றது. அசையாதே, அசையாதே என்று புனிதவதி மனசுக்குள் கெஞ்சினாள். அந்த ஆட்டை அவள் அவ்வளவு நேசித்தது அப்போதுதான்.

"ஏதோ குத்தம் இருக்கு" என்றார்கள் கூட்டத்தில்.

"சாமி வேணாங்குதுலா."

மருதமுத்துவின் கை மெல்ல இடுப்புக்குப் போயிற்று. பக்கத்தில் நின்ற தம்பியின் தோளைப் பிடித்தான். அவன் முகம் வெளுத்து வியர்த்துக் கொட்டியது. "புனிதம், கால் மரத்துப் போவுது" என்றான். முழங்கால் மடங்கி, காந்தன் தாங்குவதற்குள் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். நடிப்பில்லை. பயத்தில் அப்படி ஆகுமா, நிஜமாகவே நரம்பு பிடித்துக்கொண்டதா, அதையெல்லாம் டாக்டர்தான் சொல்லவேண்டும். திவ்யதர்ஷினி "அப்பா!" என்று கத்தினாள்.

கோகுலராஜ் உருமியை நிறுத்தச் சொன்னான். "நேந்தவங்க வந்து கேக்கட்டும். புனிதக்கா, முன்னால வாங்க."

அவள் சும்மா நின்றிருந்தாலே போதும். ஒரு வார்த்தையும் பேசவேண்டாம். ஆடுகள் கொட்டாய்க்குத் திரும்பும், ஜாசினில் ஆள் பார்க்கலாம், மாதம் முடிவதற்குள் சாவி கையில் இருக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடு. அவள் வாழ்க்கையில் சும்மா இருப்பதற்கு யாரும் இவ்வளவு பெரிய கூலி கொடுத்ததில்லை.

மருதமுத்து மண்ணில் கிடந்து அவளையே பார்த்தான். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தானே, அதே பார்வை. மருந்துப் போத்தலைக் கேட்ட பார்வை. இவன் இனி எழுந்திருக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. புது வீட்டிலும் இப்படித்தான் கிடப்பான்.

புனிதவதி முன்னால் போனாள். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டாள். முனியாண்டியை நேராகப் பார்த்தாள்.

"நான் நேந்தது நெசம். எல்லாமே ஒனக்குத்தான். எடுத்துக்கிட்டு அவர எழுப்பி விடு."

குடத்தை அவளே வாங்கி ஊற்றினாள். கிடாய் மூக்கிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. மஞ்சள் தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். உருமி மறுபடி எழுந்தது. அடுத்தடுத்து நிறுத்திய ஆடுகளும் தண்ணீர் பட்டதும் உதறின, குட்டிகள்கூட உதறின. ஒவ்வொன்றாகப் போவதை அவள் பார்க்கவில்லை, மகளின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் பந்தி உட்கார்ந்தபோது வானம் கறுத்துவிட்டது. மழைக்கு முன்னால் சாப்பிட்டுவிடலாம் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள். மருதமுத்து சோற்று அண்டாவை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். முதுகு நேராக இருந்தது. கல்யாண மாப்பிள்ளை போலச் சிரித்தான். "நல்லா சாப்புடுங்க, கூச்சப்படாதீங்க" என்று ஒவ்வொருவரையும் உபசரித்தான். புனிதவதி கறிச் சட்டியோடு வரிசையில் வந்தாள். காந்தனின் இலைக்கு முன்னால் குனிந்தபோது, அவன் நல்ல மனசோடுதான் சொன்னான்.

"அண்ணி, அன்னிக்கே எனக்கு அந்தக் கெடாவக் குடுத்திருந்தீங்கன்னா ஒண்ணோட போயிருக்கும்லா."

அவள் எத்தனையோ இரவு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள், இந்தக் கணக்கு மட்டும் தோன்றவில்லை.

"அண்ணி?" என்றான் காந்தன்.

"நல்லாக் கறி போட்டுக்குங்க தம்பி" என்று சொல்லி, நெஞ்செலும்பாகப் பார்த்து எடுத்து அவன் இலையில் வைத்துவிட்டு, அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.